மன வயது எட்டரை

"எந்தப் பக்கம் டீச்சர்?" என்று அந்தச் சிறுமி என்னைக் கேட்டாள்.

தலைமையாசிரியரின் அறையில், அவருடைய நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்திருந்தேன். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பழகாத பெண். கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. என் இடது கையில், செங்கல்பட்டில் நான் படித்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்டாப் வாட்ச். வலது கையில் பென்சில். "வானம் கறுத்து வரும்போது நீ என்ன செய்வாய்?" என்று தாளில் இருந்தபடியே வாசித்திருந்தேன். குழந்தை எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, கேள்வியை அதே சொற்களில் இன்னொரு முறை மட்டும் வாசிக்கலாம் என்பது விதி. வாசித்தேன். அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அதுவும் விதிதான். முள் அரைச் சுற்று வந்து முடிந்தது. அந்தக் கேள்விக்கு எதிரே சுழி போட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, கடலை ஒட்டியிருந்த ஒரு குப்பத்தின் ஆரம்பப் பள்ளியில் நான் இரண்டாம் ஆண்டு ஆசிரியை. வயது இருபத்திரண்டு. செங்கல்பட்டில் என் அப்பா அரசாங்க குமாஸ்தா. வீட்டில் காலையில் செய்தித்தாள் வரும். சுவரில் கடிகாரம் அடிக்கும். வெளியே கிளம்பினால் "குடை எடுத்துக்கிட்டியா?" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பாள். இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னைச் சிறுவயதிலிருந்து எல்லோரும் புத்திசாலி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தப் புத்தியில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அந்த வீட்டுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சிறுமியின் அம்மா மீன் விற்பவள். விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துத் திருக்கழுக்குன்றம் பக்கம் போய்விட்டு, பள்ளி விடும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஊரில் மீன் விற்கிறவர்கள் பலர் இருந்தாலும் பள்ளியில் நாங்கள் 'மீன்காரம்மா' என்று சொன்னால் அது அவள் ஒருத்தியைத்தான் குறிக்கும். காரணம், குப்பத்துத் தாய்களில் அவள் ஒருத்திதான் பள்ளிக்குள் வந்து, பெண் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்பாள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மகளின் சிலேட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நேத்து எய்துனது நேரா இருந்திச்சு, இன்னிக்கு இன்னா கோணிக்கினு போவுது?" என்று கேட்டுவிடுவாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கும்.

மகளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். வகுப்பின் தெற்குச் சுவரில் பழைய மாகாண வரைபடம் ஒன்றை மாட்டி, இது வடக்கு, இது கிழக்கு, கிழக்கே கடல் என்று ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் படத்தில் வலது கைப்பக்கம் இருந்த நீல நிறத்தைக் காட்டிக் "கடல்" என்று கத்தினார்கள். இவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போனபோது அவள் எழுந்து நின்று, "டீச்சர், கடலு அந்தாண்ட கீது, படத்துல இந்தாண்ட கீது. படத்த எதிர் சுவத்துல மாட்டுனா கடலு கடலு பக்கமா வந்துடும்" என்றாள். நான் நின்ற இடத்திலேயே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே படத்தைக் கழற்றி வடக்குச் சுவரில் மாட்டினேன். நான் படித்த காலத்திலோ பயிற்சிப் பள்ளியிலோ யாருக்கும் தோன்றாத ஒன்று அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருந்தது. அன்று மாலை அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "அது பெரிய ஆளும்மா" என்றார் அவர்.

மறு ஆண்டு அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். செங்கல்பட்டில் பெண்களுக்கான ஒரு விடுதியிலிருந்து கடிதம் வந்தது. கடலோரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், தங்க வைத்து, உயர்நிலைப் பள்ளி முடியும்வரை இலவசமாகப் படிக்க வைப்பார்கள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருந்த பெண்கள் மூன்றே பேர். அதில் ஒருத்திக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிச்சம், மீன்காரம்மாவின் மகளும் தபாலாபீஸ்காரரின் மகளும்.

தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. "மீன்காரம்மா பொண்ண அனுப்பிடுவோம்" என்றார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. தபாலாபீஸ்காரர் அவருடைய நண்பர். இருவரும் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள். இன்றைக்கு ஒன்று சொல்கிற மனிதர், நண்பர் வந்து கேட்டால் நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். யாருடைய தயவும் இல்லாமல், யாராலும் மாற்ற முடியாதபடி அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். பயிற்சிப் பள்ளியில் அறிவுச் சோதனை என்று ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் உண்டாக்கியதைத் தமிழில் பெயர்த்து, சைக்ளோஸ்டைலில் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளை எவ்வளவு படித்திருக்கிறது என்று அது பார்க்காது, இயற்கையாக எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பார்க்கும், ஆகவே அதில் ஏழை பணக்காரன் கிடையாது என்று எங்கள் பேராசிரியை சொல்வார். அதை நான் முழுதாக நம்பினேன்.

"அந்த மாதிரி சோதனை வெச்சு, அதுல வர்ற முடிவ எழுதி அனுப்பலாம் சார். அப்ப யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றேன்.

"அஞ்சு வருஷமா அந்தப் பசங்கள கண்ணால பாக்கறேன். எனக்கு எதுக்கும்மா கடியாரம்?" என்றார் அவர்.

நான் விடவில்லை. விஞ்ஞானம், நியாயம், பாரபட்சம் என்று என்னென்னவோ பேசினேன். கடைசியில் அவர், "சரி, புதுப் படிப்பு. செஞ்சி பாருங்க" என்று தன் அறையைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

சோதனை நாளன்று நான் என் வழக்கமான நான் இல்லை. வகுப்பில் பிள்ளைகளோடு பேசும் பேச்சை விட்டுவிட்டு, தாளில் இருந்த புத்தகத் தமிழை, பயிற்சியில் சொல்லித்தந்த உணர்ச்சியற்ற குரலில் வாசித்தேன். தபாலாபீஸ்காரர் மகள் முதலில் வந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "வானம் கறுத்து வரும்போது நீ என்ன செய்வாய்?" என்றதும், "குடை எடுத்துக்கொள்வேன்" என்று பட்டென்று சொன்னாள். என் குடையை விட்டால் குப்பத்தில் அப்போது இரண்டே குடைகள் இருந்தன. ஒன்று தலைமையாசிரியருடையது, மற்றது அவளுடைய அப்பாவுடையது. அதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. அவளும் கெட்டிக்காரிதான். பின்னால் நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போனாள்.

அடுத்து இவள் வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, புதிதாகத் துவைத்த பாவாடை கட்டிவிட்டிருந்தாள் மீன்காரம்மா. மகள் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு யோசித்தாள். வாய் திறக்கும்போது பல தடவை நேரம் தாண்டியிருந்தது. நேரம் தாண்டினால் சரியான பதிலுக்கும் மதிப்பெண் இல்லை. முடித்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை கூட்டினேன். பதினோரு வயது முடியப்போகிற பெண்ணுக்கு மன வயது எட்டரை என்று வந்தது. அதற்கு எதிரே பட்டியலில் இருந்த சொல் 'மந்தம்'.

எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதைவிட வலுவாக இன்னொரு எண்ணமும் வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'நாம்தான் ஏமாந்திருக்கிறோம் போலிருக்கிறது. படத்தைத் திருப்பி மாட்டச் சொன்னது ஏதோ தற்செயல். கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்காகத்தானே சோதனையே இருக்கிறது' என்று நினைத்தேன். கண்ணெதிரே இரண்டு ஆண்டுகளாக நடமாடிய பெண்ணைவிட அந்தத் தாளை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. தாளில் எழுதி, கையெழுத்திட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நானும் மந்தம்தான் போல" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டபின், மீன்காரம்மா வந்தாள். வெறுங்கூடையை வாசலில் வைத்துவிட்டு, வகுப்பறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் அவளிடம் சொல்லியிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, எம் பொண்ணுக்கு எட்டரை வயசுன்னு எய்திக்கிறியாமே? பெத்தவ நானு. எனக்குத் தெரியாத வயசு உனக்கு எப்டித் தெரிஞ்சிச்சு?"

"அது உடம்போட வயசு இல்லம்மா. மனசோட வயசு" என்றேன்.

"மனசுக்கு வயசு கீதா?" அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "அப்போ எனக்கு இன்னா வயசு, பாத்து சொல்லு."

அதோடு விடாமல் அவள், "நீ இன்னா கேட்ட, அது இன்னா சொல்லிச்சு, ஒண்ணொண்ணா சொல்லு" என்றாள். கேள்விகளை வெளியாருக்குச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொன்னால் அவளே புரிந்துகொண்டு சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்துத் தாளை எடுத்தேன்.

"பசு, ஆடு, மீன், கோழி. இதுல சேராதது எதுன்னு கேட்டேன். மீன்னு சொல்லணும். அது ஒண்ணுதான் தண்ணியில வாழுது. உங்க பொண்ணு பசுன்னு சொல்லிச்சு."

"மத்த மூணும் நாம துன்றது. பசுவ யாரு துன்னுவாங்க?" என்றாள், கேள்வியே புரியாதவளைப் போல.

அடுத்தது ஒரு படம். ஒருவன் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். ஒரு பக்கம்தான் துடுப்பு இருக்கிறது. படத்தில் என்ன தவறு? மறுபக்கத்துத் துடுப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். மகள் அதைச் சொல்லவில்லை, அந்த ஆள் அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னாள். மீன்காரம்மா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஆமா. முதுவக் காட்டிகினுதான் கீறான். வர்ற அலய பாக்காம இவன் எப்டி வூடு வந்து சேருவான்? ஒத்தத் துடுப்பு போதும் டீச்சரம்மா, எங்க ஆளுங்க அத்த வெச்சிகினுதான் போறாங்க. கண்ணு முன்னால இருக்கணும், அதான் முக்கியம்."

வானம் கறுக்கிற கேள்வியைச் சொன்னேன். மகள் பதில் சொல்லாமல் எந்தப் பக்கம் என்று என்னையே திருப்பிக் கேட்டதையும் சொன்னேன்.

"நீ சொன்னியா எந்தப் பக்கம்னு?"

"சொல்லக் கூடாது."

"சொல்லாங்காட்டி அது இன்னான்னு சொல்லும்? மேக்கால கறுத்தா மய வந்துட்டுப் போவும், கருவாட்ட வாரி உள்ள போட்டா ஆச்சு. வாடப் பக்கம் கடலு மேல கறுத்தா கட்டுமரத்தயெல்லாம் மேட்டுக்கு இஸ்த்துப் போடணும், கடலுக்குள்ள போனவங்களுக்கு ஆளு நின்னு துணியாட்டணும். ரெண்டும் ஒண்ணா?"

எல்லாவற்றையும் நேரத்தின்மேல் போட்டுவிடலாம் என்று, "அதுவும் இல்லாம, ரொம்ப நேரம் எடுத்துக்கிச்சும்மா. தெரிஞ்ச பதிலயே மெதுவா சொல்லிச்சு. சீக்கிரம் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் கூட வந்திருக்கும்" என்றேன்.

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே அடங்கிப்போனாள். "நாந்தான் சொல்லி அனுப்பினேன்" என்றாள். "அது எப்பவும் வெடுக்குனு சொல்லிடும். இன்னிக்குப் பெரிய பரிச்ச, பதறாத, ஒண்ணுக்கு ரெண்டு தபா யோசிச்சிட்டு வாயத் தொறன்னு நாந்தான் சொன்னேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. பிறகு கேட்டாள்:

"அது சொன்னது தப்பா டீச்சரம்மா? உன் வாயால சொல்லு."

"தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"பெரிய படிப்பு படிச்சவங்க."

"அவுங்க இங்க வந்து பாத்துக்கிறாங்களா?"

"இல்ல."

"அப்ப அவுங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? நீ ரெண்டு வருசமா எங்க காத்துலதான குந்திகினு கீற. நீ ஒரு வார்த்த எய்து. அது சொன்னதும் சரிதான்னு எய்து. போதும்."

"பாக்கறேன்" என்றேன். அவள் அந்தச் சொல்லை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அறிவு என்றால் என்ன என்பதுபற்றிப் பின்னால் நான் நிறையப் படித்தேன், பலருக்குப் பாடமும் நடத்தினேன். ஆனால் அந்தச் சாயங்காலம் கற்றதற்கு மேல் எதையும் கற்கவில்லை. எங்கள் வீட்டில் குழந்தைப் பருவம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் அந்தத் தாளில் இருந்தன. ஆகவே பதில் எனக்குக் கேட்பதற்கு முன்பே தெரியும். அவள் வீட்டில் கேட்கப்பட்டவை வேறு கேள்விகள். அவற்றில் ஒன்றைக்கூட எனக்கு யாரும் சோதனையாக வைக்கவில்லை. வைத்திருந்தால் என் மன வயது என்னவாக வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறக்கும்போது கொண்டுவருவது கொஞ்சம் இருக்கலாம். அதற்குமேல், யார் நம்மிடம் பேசினார்கள், எதைக் கவனிக்கச் சொன்னார்கள், தப்பாகச் சொன்னால் என்ன நடந்தது என்பதிலெல்லாம் அது வளர்கிறது, அல்லது குறுகுகிறது. இது எல்லாமே அன்றைக்கே, அந்தத் தரையில் அவள் நீட்டிய காலுக்கு எதிரே நின்றபோதே, எனக்கு விளங்கிவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வழி எனக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

விடுதிக்குப் பெயரும் சோதனை முடிவும் வெள்ளிக்கிழமை போக வேண்டும். புதன் மாலையும் வியாழன் மாலையும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினால் போதும். இந்தச் சோதனை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை, என் கருத்தில் இவளே தகுதியானவள், அவ்வளவுதான். எழுதினால் சோதனை வேண்டும் என்று நான் பேசிய பேச்செல்லாம் வீண் என்று ஆகும். தலைமையாசிரியர் முன்னால் தலை குனிய வேண்டும். பயிற்சிப் பள்ளியில் என் பேராசிரியையின் காதுக்கு எட்டினால், ஒரு தாய் வந்து அழுததும் முடிவை மாற்றியவள் என்று ஆகும். அவள் அழவே இல்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? 'அடுத்த ஆண்டு வேறொரு இடம் வராமலா போகும்' என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர், கிளம்பாமல் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "ஏதாச்சும் சேக்கணுமாம்மா? ஒரு வரி எழுதினாலும் நான் கீழ கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் சந்தேகப்பட்ட மனிதர் அவர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

விடுதி இடம் தபாலாபீஸ்காரர் மகளுக்குப் போனது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் அவளுக்கு 'எட்டரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதட்டினேன், இரண்டு பேரை வெளியே நிறுத்தினேன். அதட்டிய பிறகு வாய்விட்டுக் கூப்பிடாமல் எட்டு விரல்களைக் காட்டினார்கள். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனால் வகுப்பில் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். நான் கேள்வி கேட்டால், பதிலை யோசிப்பதற்கு முன் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு, "தெரியாது டீச்சர்" என்பாள். முன்பு ஒரே தடவையில் செய்த கணக்கைப் பாதியில் அழித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குள், புதிதாக வருகிற எந்த ஆசிரியை பார்த்தாலும் மந்தம் என்று சொல்லக்கூடிய பெண்ணாக அவள் மாறியிருந்தாள். நான் எழுதியபோது பொய்யாக இருந்ததை என் கண்ணெதிரிலேயே அவள் மெய்யாக்கிக்கொண்டிருந்தாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. நான் தேடிப் போனேன். கோவளத்தில் தாய்மாமன் வீட்டுக்குக் கருவாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மீன்காரம்மாவை வழியில்தான் பார்த்தேன். கூடையோடு நின்றாள். என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ இன்னா பண்ணுவ டீச்சரம்மா. அதுவே சொல்லிடுச்சு, எனக்குப் படிப்பு வராதும்மான்னு. அதுவே சொன்னப்புறம் நான் இன்னாத்த சொல்றது?" என்றாள். அதன்பின் அவள் பள்ளிப் பக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டேன். விடுதியிலிருந்து அந்தக் குப்பத்துக்கு இரண்டாவது கடிதம் வரவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியப் பயிற்சியிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் யாரோ பின்னாலிருந்து "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். முப்பது வயதுப் பெண். பக்கத்தில் பத்து வயதில் ஒரு சிறுமி. என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னாள். அம்மா போய் நான்கு வருடமாயிற்று என்றாள். பெண்ணுக்குக் காது வலிக்கிறதென்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தது சாமி செயல் என்றாள்.

"இதுங்க ஸ்கூல்ல டீச்சரு, நல்லா படிக்குது, மேல படிக்க வைங்கன்னு சொல்றாங்க டீச்சர். அவங்கப்பா வேணாங்கிறாரு. தாய்க்கு மூள கம்மி, பொண்ணுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும், சும்மா செலவுன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அப்ப வெச்சீங்க பாருங்க, அந்தப் பரிச்ச, அத்த இதுக்கும் ஒரு தபா வெச்சிப் பாத்து சொல்றீங்களா? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அவள் முகத்தில் குத்தலோ பழைய கணக்கோ ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறதென்று டாக்டரைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பரீட்சை ஒண்ணும் வேண்டாம். உன் பொண்ணு நல்லாப் படிப்பா, நீ படிக்க வை" என்றேன்.

"பாக்காமலே எப்டி டீச்சர் சொல்றீங்க?"

நான் படித்த, படிப்பித்த எதைக்கொண்டும் மறுக்க முடியாத கேள்வி. கேட்டவள் தன்னை மூளை கம்மி என்று நம்புகிறவள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அன்று சொன்ன பதில்களெல்லாம் சரிதான் என்றும், தாள்தான் தப்பு என்றும், அது தெரிந்தும் நான் எழுதாமல் இருந்துவிட்டேன் என்றும், பஸ்களின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைப் பொது இடத்தில் நின்று சொன்னேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயதானவர்களைச் சமாதானப்படுத்துகிற குரலில், "வுடுங்க டீச்சர். உங்களுக்கு நல்ல மனசு, அதான் இப்டி சொல்றீங்க. எனக்கு வராதுன்னு எனக்கே தெரியும். நான் இன்னா கொறஞ்சா பூட்டேன்?" என்றாள். என்மேல் குற்றமே இல்லை என்று நம்பியபடி என்னை மன்னித்தாள். அன்று ஒரு தாளை வாசித்து நான் சொன்னதை உடனே நம்பியவள், நேருக்கு நேர் நின்று உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை.

மகளை மேலே படிக்க வைத்தாள். செங்கல்பட்டு பெரிய டீச்சரே பார்த்துச் சொல்லிவிட்டார் என்று புருஷனிடம் அடித்துப் பேசினாளாம். அந்தப் பெண் நர்ஸாகி, வேலை கிடைத்ததும் எனக்குக் கடிதம் போட்டாள். ஆண்டுக்கு ஒரு கடிதம் இன்றும் வருகிறது. ஆஸ்பத்திரி, பிள்ளைகள், வீடு என்று எல்லாம் எழுதுவாள். நான் பதில் எழுதும்போது தவறாமல் ஒன்றைக் கேட்பேன்: ஏதாவது ஒரு காரியத்தில் அம்மாவின் யோசனையைக் கேட்டாயா?

அதற்கும் தவறாமல் பதில் எழுதுகிறாள். கேட்டாளாம். "எனக்கின்னா தெரியும், நீ படிச்சவ, நீயே பாத்து செய்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாளாம்.